ஏணிக்காரர் கொடுத்த புகை

பம்பாயிலிருந்து லாரியில் வந்த மரப்பெட்டியைப் பிரித்தபோது, மரச்சீவல்களுக்குள் அது சிவப்பாகப் படுத்திருந்தது. ஓர் ஆளின் நெஞ்சகலத்துக்கு ஒரு தகரப் பெட்டி. முகப்பில் எட்டு சிவப்பு விளக்குகள், எட்டு மஞ்சள் விளக்குகள், எல்லாம் நலம் என்று சொல்ல ஒரே ஒரு பச்சை விளக்கு, கதவில் ஒரு பூட்டு. தீ எச்சரிக்கை பேனல் என்ற ஒன்றை 1991இல் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் புதிதாக எழும்பியிருந்த எங்கள் தொழிற்சாலையில் அதற்குப் பொறுப்பாளன் நான்தான். மின்பிரிவில் எல்லாரையும் விட இளையவன், இன்னும் வேலை உறுதியாகாதவன், மறுத்துப் பேசத் தெரியாதவன். வேறு என்ன தகுதி வேண்டும்.

இரண்டு மாதம் குழாய் குழாயாகக் கம்பி இழுத்தோம். கட்டடத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கூரையிலும் வரிசையாக டிடெக்டர்கள். உள்ளங்கை அகல வெள்ளை வட்டுகள் அவை; புகை நுழைந்தால் பேனலுக்குச் சொல்லும், அந்தப் பகுதியின் சிவப்பு விளக்கு எரியும், சங்கு ஊதும். கேட்டுக்குப் பக்கத்துச் செக்யூரிட்டி அறையில் பேனலை மாட்டி, ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். தட்டுக்கு நேர் மேலே ஒரு டிடெக்டர் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. பேனல் தன் வாழ்நாளில் முதன்முதலாக அடித்தது தன் பூஜைக்குத்தான்.

எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடியிருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீ எதுவும் இல்லை என்று நன்றாகவே தெரியும். கற்பூரத்துக்குத் தீக்குச்சி உரசிக் கொடுத்ததே நான். அந்தச் செய்தி கால்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பேனலின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கதவைத் திறந்தால்தான் சங்கை நிறுத்த முடியும். அது ஊதிக்கொண்டே இருந்தது.

சாலையைக் கடந்து ஒருவர் என்னை நோக்கி வந்தார். கம்பி இழுக்கும்போது எங்களுக்கு ஏணி தூக்கியவர், எங்கள் ஏணிக்காரர். அவசரமே இல்லாத நடை.

"இன்னா சார், சாவிய நீ வச்சிகினு இங்க குந்திகினு கீற. அது அங்க கத்திகினே கீது."

"தண்ணி குடிக்க வந்தேண்ணே."

"தண்ணி உள்ளயும்தான் கீது. வா."

திரும்பிப் போகும்போது ஓரடி பின்னாலேயே வந்தார். கேட்டில் மேனேஜர் முகம் சிவக்க நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏணிக்காரர் சொன்னார்: "பின்னாடி லைன் எல்லாம் பாத்துட்டு வராரு சார். நெருப்பு எங்கயும் இல்லன்னு உறுதி பண்ணாம எப்பிடி அமுக்குவாரு." மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்காக ஒருவர் சொன்ன பொய்யை அவ்வளவு வசதியாக நான் அதற்கு முன் உடுத்தியதில்லை.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். எங்கள் பேக்கிங் ஸ்டோர் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர் நெல் நட்ட இடம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் தற்காலிக அட்டையைத் திணித்து இரண்டு வருஷமாக ஏணி தூக்க வைத்திருந்தார்கள். பொங்கலுக்கு முன் நிரந்தரப் பட்டியல் வரும், அதில் தன் பெயர் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மழைக்காலத்தில் ஸ்டோர் தரை ஓதம் பிடித்தால், "அது அப்பிடித்தான் சார், இந்த மூலைல எப்பவுமே தண்ணி நிக்கும்" என்பார், சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவது போல. பட்டியலில் பெயர் ஏறினால் அந்தத் தரை பாதியாவது திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

பேனலை மாட்டுவது ஒரு வேலை. அதை உயிரோடு வைத்திருப்பது வேறு. கம்பி அறுந்தால் மஞ்சள் விளக்கைப் போட்டுத் தானே சொல்லிவிடும். டிடெக்டர் தூசி அடைத்துக் குருடாகிவிட்டால் அதற்குத் தெரியாது. பச்சை விளக்கு சிரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொரு டிடெக்டருக்கும் புகை கொடுத்துப் பார்க்க வேண்டும். புகைக்கு எங்கே போவது? பேனலைக் கொண்டுவந்த கம்பெனியின் இன்ஜினியர் ஏணியில் ஏறித் தன் சிகரெட்டையே இழுத்து ஊதிக் காட்டிவிட்டு, "இப்படித்தான், மாசாமாசம்" என்று சொல்லி மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி, கையேடு, எல்லாம்.

நான் ஏணியில் ஏற மாட்டேன். மூன்றாவது படியில் உள்ளங்கை வியர்க்கும், நான்காவது படியில் செத்துப்போன உறவினர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வருவார்கள். எனவே நான் கீழே பேனலைப் பார்ப்பது, அவர் மேலே புகை ஊதுவது என்று ஏற்பாடு. விளக்கு எரிந்ததும் சங்கை ஒரே ஒரு நொடி ஊத விடுவேன். அது கேட்டால் 'சரி, அடுத்ததற்குப் போ' என்று அவருக்கு அர்த்தம். ஒரு சிக்கல், அவருக்குப் பீடி பழக்கம் கிடையாது. முதல் மாதம் இரண்டு இழுப்பிலேயே கண்ணில் நீர் முட்டி, ஏணியைக் கட்டிக்கொண்டு இருமினார். "இத்த ஆசப்பட்டு குடிக்கிறானுங்க பாரு சார்" என்றார். அப்புறம் உள்ளே இழுக்காமல் கன்னத்தில் வைத்திருந்து ஊதப் பழகிக்கொண்டார். வேலை முடிந்ததும் குழாயடியில் நின்று ஐந்தாறு தடவை வாய் கொப்பளிப்பார். "வூட்ல மோந்து பாத்தா கதையே வேற."

பீடியும் தீப்பெட்டியும் கேட்டுக்குள் வரக் கூடாது. தொழிலாளர்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஸ்டாஃப் என்பதால் என்னைத் தடவ மாட்டார்கள். ஒரு கட்டுப் பீடியையும் ஒரு தீப்பெட்டியையும் சாப்பாட்டு அடுக்கில் வைத்து நானே கொண்டுவந்தேன். பேனலுக்குள்ளே கீழ்த்தட்டில் இரண்டு பேட்டரிகள் உண்டு. அவற்றுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். தொழிற்சாலை முழுவதிலும் தீப்பெட்டி இருந்த ஒரே இடம் தீ எச்சரிக்கைப் பெட்டிதான். இதைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம். எழுத்தில் ஓர் அனுமதி வாங்கியிருக்கலாம். அதற்கு, ஆட்களை வேலையில் சேர்ப்பதும் நீக்குவதும் கையிலிருந்த பர்சனல் ஆபீசரின் அறைக்குள் போக வேண்டும். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். பதிவேட்டில் மட்டும் மாதம் தவறாமல், 'புகை கொடுத்துச் சோதித்தது. சரி' என்று குண்டு குண்டாக எழுதினேன்.

மார்கழியில் ஒரு நாள், காலை பத்து மணி வாக்கில், ஏழாவது பகுதியான பேக்கிங் ஸ்டோரில் அவர் ஏணியில் இருந்தார். நான் பேனல் முன்னால். இரண்டு டிடெக்டர் ஆயிற்று. மூன்றாவதற்கு விளக்கு எரியவில்லை. ஐந்து நிமிஷம். 'இந்த மனுஷன் எங்கே போய்ச் சேர்ந்தார்' என்று முணுமுணுத்தபடி ஜன்னலைப் பார்த்தேன். அவரை நடுவில் விட்டு இரண்டு காவலாளிகள், பின்னால் பர்சனல் ஆபீசர், அவருக்கும் பின்னால் கோட்டு போட்ட வெளியூர் விருந்தினர் மூவர். அட்டைப்பெட்டி மலைக்கு மேலே உட்கார்ந்து ஒரு தொழிலாளி பீடி ஊதுவதைத்தான் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட அழைத்துப்போன விருந்தினர்களுக்கு ஆபீசர் காட்ட நேர்ந்திருக்கிறது.

அவர்கள் அறைக்கு வர இருபது அடி இருக்கும். அந்த இருபது அடி நேரத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்று. திறந்திருந்த பேனல் கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பூட்டியபின் இழுத்துச் சரிபார்த்தேனே, அது யோசனை இல்லாமலா?

"யாரோட ஆளு இவன்?" என்றார் பர்சனல் ஆபீசர், கண்ணாடிக்கு மேலாக.

"டெஸ்ட்டு சார்" என்றார் ஏணிக்காரர். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மீதியை நான் சொல்வேன் என்று அவருக்கு நிச்சயமாக இருந்தது.

"நான் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் சார்" என்றேன்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, அவருக்கு மட்டும் நிற்க இடம். பீடி யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் எட்தாந்தேன்" என்றார். கேட்டில் தடவியும் எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கும் அதையே திரும்பச் சொன்னார். அன்று காலை மூன்று தடவை கழிப்பறைக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நான் போயிருந்தேன். சோதனைக்கு வேண்டிய புகை எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாதா என்று பர்சனல் ஆபீசர் என்னைக் கேட்டார். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது: "புகை அவரு டிபார்ட்மென்ட் சார். என் டிபார்ட்மென்ட் வெறும் விளக்கு."

சுருக்கெழுத்துக்காரர் களுக்கென்று சிரித்தார். பர்சனல் ஆபீசரே உதட்டைக் கடித்துக்கொண்டார். அறை முழுக்க இளகிவிட்டது. என்னை உட்காரச் சொன்னார்கள். அந்தக் கணத்தில் எனக்கு உண்டான நிம்மதியை மறைப்பதில் பயனில்லை; அவ்வளவு சுகமான நிம்மதியை நான் பிறகு எங்கும் அனுபவித்ததில்லை. பட்டியல் வந்தபோது அவர் பெயர் இருந்த வரிமேல் மை இழுத்திருந்தது. தற்காலிக அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் எனக்கு வேலை உறுதியாயிற்று. அதற்குப் பிறகு பல மாதங்கள் ஏணியை யாரும் தூக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் புகை கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில், உடம்பெல்லாம் செங்கல் தூளோடு நின்றார். ஒளிய இடம் தேடினேன், ஒரு புளியமரம்கூட இல்லை.

"பேனலு நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்குண்ணே."

தலையாட்டினார். பஸ் வந்தது. அதில் அவர் ஏறினார். அது நான் போக வேண்டிய பஸ்ஸும்தான். நான் ஏறவில்லை.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டு ஒரகடம் சுற்று வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் தீத்தடுப்பு வகுப்பு எடுக்கிறேன். இன்றைக்குப் புகை டப்பாவில் வருகிறது; நீளக் கழியின் நுனியில் மாட்டித் தரையில் நின்றபடியே டிடெக்டருக்குக் கொடுக்கலாம். அந்த இடம் வரும்போது ஏணிக்காரரின் கதையைச் சொல்வேன். தூங்குகிற வகுப்பை எழுப்ப அதைவிட நல்லது என்னிடம் இல்லை. வருஷத்துக்கு வருஷம் கதை மெருகேறியது. அவர் நாளுக்கு மூன்று கட்டுப் பீடி ஊதும் மகா புகைஞர் ஆனார். டெஸ்ட் என்று சொல்லிக்கொண்டு ஓசியில் ஊத ஏணி ஏறுகிறவர் ஆனார். என் டிபார்ட்மென்ட் விளக்கு என்ற வரி கடைசியில் வரும். இதுவரை அது தவறியதே இல்லை.

போன மாதம் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்படித்தான் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு டீக்கு வெளியே வந்தேன். அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி, நாற்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, கப்போடு பக்கத்தில் வந்து நின்றார். வகுப்பு முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்து வருகைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"அந்த ஏணிக்காரர் பிள்ளைப்பாக்கமா சார்?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படி..."

"எங்கப்பா." டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "அவரு பீடி குடிக்க மாட்டாரு சார். போயி ஆறு வருஷமாவுது. சாவற வரைக்கும் அந்தப் பேச்ச எடுத்தா எழுந்து வெளிய போயிடுவாரு. எங்கம்மா மட்டும் பீடி நாத்தம் அடிச்சிதுன்னு சொல்லிகினே இருந்துச்சு, அவரு திருட்டுத்தனமா குடிச்சாருன்னு. யாரு குடுத்தாங்க சார் அத?"

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கப்பைப் பார்த்தேன். நான்தான் என்றேன்.

அவர் மீதி டீயைக் குடித்து முடித்தார். பிறகு, ஷிப்டு அட்டவணையில் ஒரு திருத்தம் சொல்வது போல, "உள்ள இருக்கறவங்ககிட்ட கதைய மாத்தி சொல்லிட்டீங்க. போயி சரியா சொல்லிடுங்க" என்றார்.

மறுபடி உள்ளே போனேன். நாற்பது பேர், டீ குடித்த தெம்போடு என்னைப் பார்த்தார்கள். கால்கள் வாசலைக் கணக்கு போட்டன. பிடித்து நிறுத்தினேன். "அந்த ஏணிக்காரர் கதையில் ஒன்று விட்டுப்போச்சு" என்றேன். "அந்தப் பீடியை உள்ளே கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தது நான்தான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"இல்லை, நிஜமாகத்தான். அவருக்குப் பீடி பழக்கமே இல்லை. நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் வேலை போய்விட்டது."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார். "செம சார் நீங்க" என்றார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றேன், அதற்கும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் அந்தக் கதையை நான் பழக்கிவைத்திருந்த விதம் அப்படி.

பின்வரிசையில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. வருகைத்தாளை மடித்துக் கோப்பில் வைத்தார்.

"அடுத்த ஸ்லைடு போங்க சார்" என்றார்.