அம்சவேணி நீக்கிய ஒன்பதாவது புரோகிராம்

தில்லி ஜனக்புரியில் அந்த இரண்டாம் மாடி வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் திடுக்கிட வைப்பது ஒரு குரல். மூச்சு வாங்காமல், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் பேசுவதைப்போல, தமிழும் ஆங்கிலமுமாக ஏதோ பொரிந்துகொண்டிருக்கும். வந்தவருக்கு ஒரு வார்த்தை விளங்காது. அம்சவேணிக்கு அத்தனையும் விளங்கும். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் புரோகிராம் அது. கண் தெரியாதவர்களுக்கானது, இலவசம். அதன் வேகத்தை அவள் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இப்போது மற்றவர் காதுக்கு எட்டாத வேகத்தில் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. விருதுநகர் பக்கம் பிறந்தவள். பதினோரு வயதில் பார்வை மங்கத் தொடங்கி, பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் போயிற்று. இருபத்துமூன்று வயதில் தில்லியில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நானூறு எக்ஸ்டென்ஷன் எண்களும் அவளுக்கு மனப்பாடம். விமானப்படையில் கிளார்க்காக இருந்த ஜோதிலிங்கம், ஆபீஸ் விஷயமாக அந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து செய்து, கடைசியில் அந்தக் குரலைப் பெண் கேட்டு வந்தவர். குழந்தைகள் இல்லை. அலுவலகத்தில் ஆபரேட்டர் போர்டையே எடுத்துவிட்டபோது அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சும்மா இருக்கவில்லை. பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தில் அடித்துக் கொடுக்கும் வேலையை எடுத்துச் செய்தாள்.

முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த இந்துஜா என்ற ஆராய்ச்சி மாணவி அவளுக்குப் பதினெட்டுப் பதிவுகள் கொடுத்திருந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தில்லி வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் பேச்சு. குக்கர் விசில், பஸ் ஹாரன், குழந்தை அழுகை எல்லாவற்றுக்கும் நடுவில் அவர்கள் பேசினார்கள். யார் எந்த இடத்தில் குரலை விழுங்கினார்கள், எங்கே சிரித்து மழுப்பினார்கள் என்பதைக்கூட அம்சவேணி அடைப்புக்குறிக்குள் குறித்துக் கொடுப்பாள். பதினாலு முடித்து மெயிலில் அனுப்பியாகிவிட்டது. பாக்கி நாலையும் பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.

இடைஞ்சல் தொடங்கியது புதுக் கம்ப்யூட்டரோடு. பத்து வருஷம் உழைத்த பழையது தீபாவளிக்கு மறுநாள் உயிரை விட்டது. ஜோதிலிங்கம் நேரு பிளேஸ் போய்ப் புதிது வாங்கி வந்தார். கடைக்காரர் பழையதிலிருந்த ஃபைல்களை அதில் ஏற்றிக் கொடுத்தார். அந்த ஃபைல்களில் ஒன்றுதான் அம்சவேணிக்கு உயிர்: வாசிக்கும் குரலுக்கு அவள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்த உச்சரிப்புப் பட்டியல். ஆயிரத்து இருநூறு வார்த்தைகளுக்கு மேல். ஊர்ப் பெயர், ஆள் பெயர், இந்தி வார்த்தை என்று குரல் தப்பாகச் சொல்வதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தி வைத்திருந்தாள்.

புதுக் கம்ப்யூட்டர் காலியாக வரவில்லை. யாரும் கேட்காத புரோகிராம்கள் ஒரு கூட்டமாக அதில் ஏற்கெனவே இருந்தன. வைரஸ் தடுப்பு ஒன்று அரை மணிக்கு ஒரு தரம் குறுக்கே குதித்து, “உங்கள் பாதுகாப்பு முடியப் போகிறது” என்று மிரட்டியது. அது குதிக்கும் நொடியில் அவள் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்தெல்லாம் காற்றில் போகும். ஒரு விளையாட்டுக் கடை, ஒரு செய்திப் பலகை, மூன்று மாதம் பாட்டு இலவசம் என்று ஒன்று. போதாக்குறைக்கு, குரலை நிறுத்த அவள் விரல் தானாகத் தேடும் வலப்பக்கக் கண்ட்ரோல் கீ இருந்த இடத்தில் இப்போது வேறு ஒரு கீ. அதைத் தொட்டால் ஏ.ஐ. உதவியாளர் திறந்துகொள்ளும்.

பதினைந்தாவது பதிவு அஞ்சலை என்ற பெண்ணுடையது. முப்பது வருஷத்துக்கு முன்னால் புது தில்லி ஸ்டேஷனில் இறங்கியபோது நாலு வயசு மகன் கையை உதறிக்கொண்டு கூட்டத்தில் காணாமல் போனான். மூன்று மணி நேரம் கழித்து ஒரு டீக்கடை பெஞ்சின் அடியில் கிடைத்தான். அஞ்சலை அழாமல் சொன்னாள். அதைக் கேட்பதற்காக அம்சவேணி வாசிக்கும் குரலை நிறுத்தி நிறுத்தி அடித்தாள்; விரல் பழக்கத்தில் அந்த வலப்பக்கக் கீக்கே போயிற்று. பையன் கிடைக்கும் இடம் வந்ததும் பத்தியை முடித்துப் படித்துப் பார்க்கலாம் என்று எண்டர் தட்டினாள். சில நொடி கழித்து, குரல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது: ரயில் நிலையத்தில் குழந்தை தொலைந்தால் செய்யவேண்டிய ஐந்து விஷயங்கள். ஒன்று, பதற்றப்படாதீர்கள்.

அவள் அடித்ததெல்லாம் உதவியாளரின் பெட்டிக்குள் போயிருந்தது.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள். “நேத்து இதுல எதையாச்சும் அமுக்குனீங்களா?”

“பழசா இருக்கு, புதுப்பிக்கணும்னு கேட்டுச்சு அம்சா. சரின்னு குடுத்தேன்.”

“எதுக்குக் குடுத்தீங்க?”

“கேக்குதுல்ல! பதில் சொல்லாம எப்படி?”

ஜோதிலிங்கம் அப்படித்தான். விமானப்படையில் முப்பது வருஷம் ஃபாரம் நிரப்பியவர். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் விட அவர் கை வராது. அவள் முந்தின வாரம் அணைத்துவைத்த உதவியாளர், அவர் சொன்ன ஒரு ‘சரி’யில் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த சனிக்கிழமை காலை, அவர் காய்கறி வாங்கப் போன நேரத்தில், அம்சவேணி ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தாள். குரல் ஒவ்வொரு பெயராகப் படித்தது. வேண்டாததை நிறுத்திக் கேட்டு, நீக்கு என்று கொடுத்தாள். விளையாட்டுக் கடை போயிற்று. செய்திப் பலகை போயிற்று. வைரஸ் தடுப்பு சுலபத்தில் போகவில்லை. அதன் ஜன்னலில் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை. எல்லாம் படமாக இருக்கவேண்டும். “பட்டன். பட்டன். பட்டன்,” என்று குரல் ஒரே மாதிரி சொன்னது. எது போகச் சொல்லும், எது இருக்கச் சொல்லும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். நாலாவது தடவையில் அது போய்விட்டதாகச் சொன்னது. நெற்றி வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

ஆறாவதாகப் பாட்டுப் புரோகிராமை எடுத்தாள். அதன் பெயரில் ஆடியோ என்று ஒரு சொல் இருந்தது. ஒன்பதாவதாக வந்ததும் நாலைந்து எழுத்தைக் கோத்துவிட்டு ஆடியோ என்று முடிந்தது. அதே கூட்டத்தைச் சேர்ந்தது என்று நினைத்தாள். நீக்கவா என்றது. ஆம். மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றது. ஆம்.

வழக்கமாகப் பன்னிரண்டு வரை எண்ணினால் குரல் வந்துவிடும். அம்சவேணி எண்ணினாள். பன்னிரண்டு தாண்டியது. முப்பது. அறுபது. இயர்ஃபோனைச் செருகினாள், பிடுங்கினாள். சத்தத்தைக் கூட்டும் கீயை அழுத்திக்கொண்டே இருந்தாள். மின்விசிறிபோல உள்ளே ஏதோ சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. மிஷின் உயிரோடு இருக்கிறது, அவளோடு பேசவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பார்வை போன வருஷத்துக்குப் பிறகு இந்த மாதிரி ஒரு பயம் அவளுக்கு வந்ததில்லை.

ஜோதிலிங்கம் பையோடு உள்ளே வந்தார்.

“கம்ப்யூட்டர்ல சத்தம் போயிருச்சுங்க. என்ன தெரியுதுன்னு பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “எல்லாம் நல்லாத்தானே இருக்கு? மலைப் படம் ஒண்ணு தெரியுது. பனி மூடியிருக்கு. அழகா இருக்கு.”

“எழுத்து என்ன இருக்கு?”

“பதினோரு மணி இருபது நிமிஷம். பதினேழு டிகிரி. மூடுபனி.”

“கீழ, வலது ஓரத்துல, ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு இருக்கும்.”

கொஞ்ச நேரம் தேடினார். “இருக்கு. அது மேல சிவப்பா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கு.”

அம்சவேணிக்குப் புரிந்துவிட்டது. ஒன்பதாவது பாட்டுப் புரோகிராம் இல்லை. கம்ப்யூட்டருக்குச் சத்தம் தரும் டிரைவர் புரோகிராம், அதன் தொண்டையே அதுதான். தன் கையாலேயே அதை எடுத்துப் போட்டிருக்கிறாள். அதைத் திரும்பப் போடும் வழியும் அவளுக்குத் தெரியும், ஏறக்குறைய. ஆனால் அந்த வழியில் போக அவளுக்கு அந்தக் குரல் வேண்டும்.

கம்ப்யூட்டர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் ஒரே இசை. பிறகு ப்ரணவ் என்று ஒரு பையன் பேசினான், பணிவான குரல்.

“ஸ்க்ரீன் பர் க்யா திக் ரஹா ஹை, மேடம்?”

“திரையில என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியாது, தம்பி. எனக்குக் கண் தெரியாது,” என்று இந்தியில் சொன்னாள்.

“அச்சா. வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா, மேடம்?”

போன் ஜோதிலிங்கத்தின் கைக்குப் போயிற்று. அந்த நிமிஷத்திலிருந்து பேச்சும் அவளைத் தாண்டிப் போயிற்று. ப்ரணவ் கேட்டான், ஜோதிலிங்கம் படித்தார், ப்ரணவ் சொன்னான், ஜோதிலிங்கம் அமுக்கினார். அவள் நடுவில் புகுந்து, “ஆடியோ டிரைவர் ஒண்ணை மட்டும் திரும்பப் போட்டாப் போதும்னு சொல்லுங்க,” என்றாள். ஜோதிலிங்கம் சொன்னார். “சார், மேடத்தைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ரீசெட் செய்தால் எல்லாமே சரியாகிவிடும்,” என்றான் ப்ரணவ்.

“என் ஃபைல் எல்லாம்?” என்றாள் அம்சவேணி.

“ஃபைல்கள் அப்படியே இருக்கும், சார்.”

முதல் தடவை ரீசெட் முப்பத்தைந்து சதவீதத்தில் நின்று, முடியவில்லை என்று திரும்பி வந்தது. அப்படியானால் இரண்டாவது வழிதான் என்றான் ப்ரணவ். ஜோதிலிங்கம் திரையில் இருந்ததை முணுமுணுப்பாகப் படித்தார். ‘எல்லாவற்றையும்’ என்ற அர்த்தத்தில் ஒரு சொல் அவள் காதில் விழுந்தது.

“என்னங்க, இருங்க. இன்னொரு தரம் படிங்க. எல்லாத்தையும் என்ன செய்யுமாம்?”

“எல்லாத்தையும் எடுத்துட்டு...” அவர் நிறுத்தினார். “குடுத்துட்டேனே, அம்சா.”

அவர் நகரவில்லை. நாற்காலியில் அவள், பக்கத்தில் நின்றபடி அவர். சதவீதம் ஏறும்போதெல்லாம் தப்பு செய்த பிள்ளைபோல மெதுவாக அவர் எண்ணைச் சொன்னார். சமையல் எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்பீக்கரிலிருந்து ஒரு மணி ஓசை வந்தது. சத்தம் திரும்பிவிட்டது.

திரும்பியது சத்தம் மட்டும் இல்லை. விளையாட்டுக் கடை, செய்திப் பலகை, வைரஸ் தடுப்பு, பாட்டு, உதவியாளர், எல்லாம் கடையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருந்தன. இல்லாதவை அம்சவேணியுடையவை. அவளுடைய வாசிப்புப் புரோகிராம் இல்லை. அஞ்சலையின் பேச்சில் அவள் இரண்டாம் முறையாக அடித்த பக்கங்கள் இல்லை. ஆயிரத்து இருநூறு வார்த்தைப் பட்டியல் இல்லை. பழைய டிஸ்க்கைக் கடைக்காரர் என்றோ குப்பையில் போட்டிருந்தார்.

ஞாயிறு முழுக்க இருவரும் உட்கார்ந்து வாசிப்புப் புரோகிராமை மறுபடி இறக்கி வைத்தார்கள். குரல் வந்தது, அதே ஆண் குரல். இந்துஜாவின் மெயிலைப் படிக்கச் சொன்னாள். “இண்டு ஜா,” என்றது. முனிர்காவை முனி, ர்கா என்று வெட்டியது. அவள் வேகத்தைக் கூட்டப் பார்த்தாள். தப்பான உச்சரிப்பு வேகத்தில் விளங்கவில்லை. குறைத்துக்கொண்டே வந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த வேகத்தில் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை இந்துஜாவே போன் செய்தாள். அம்சவேணி நடந்ததைச் சொன்னாள்.

“ஐயோ ஆன்ட்டி. நீங்க ஒண்ணும் ஃபீல் பண்ணாதீங்க. கைடு இன்னிக்கே கேக்கறாங்க. மீதி நாலையும் நான் மிஷின்ல போட்டு எடுத்துக்கறேன். சுமாராத்தான் வரும், பரவாயில்ல.”

“அஞ்சலை பேச்சை மட்டும் எனக்கு ரெண்டு நாள் குடேன்மா.”

“டைம் இல்ல ஆன்ட்டி. நெஜமாவே இல்ல.”

அந்தப் பெண்மேல் கோபப்பட அம்சவேணியால் முடியவில்லை. சரிம்மா என்று போனை வைத்தாள்.

புதன்கிழமை திருச்சியிலிருந்து ரங்கராஜன் பேசினார். மதுரையில் பார்வையற்றோர் பள்ளியில் கூடப் படித்தவர், இப்போது வங்கியில் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “யூ.எஸ்.பி.ல செருகற மாதிரி ஒரு ஹெட்ஃபோன் இருந்திருந்தாப் போதுமே, அம்சவேணி. அது தன் சத்தத்தைத் தானே கொண்டுவந்துரும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.” கேட்டிருக்கலாம்தான். அந்தச் சனிக்கிழமை அவருடைய ஞாபகமே அவளுக்கு வரவில்லை. ஜோதிலிங்கம் அன்றே மெட்ரோ பிடித்துப் போய் அந்த மாதிரி இரண்டு ஹெட்ஃபோன் வாங்கி வந்து, ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

மார்ச்சில் வேறொருவர் நாலு மணி நேரப் பதிவு ஒன்று கொடுத்தார். இப்போது அதைத்தான் அடிக்கிறாள். முன்பு இரண்டு நாளில் முடித்தது ஐந்து நாள் இழுக்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் வைரஸ் தடுப்பு குறுக்கே வரும்போது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அது சொல்வதைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, மறுபடி ஆரம்பிக்கிறாள். உச்சரிப்புப் பட்டியலில் இதுவரை நாற்பத்தொரு வார்த்தை சேர்த்திருக்கிறாள்.

ஒரு நாள் ஜோதிலிங்கம் புரோகிராம் பட்டியலைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “நான் ஒவ்வொரு பேரா நிதானமாப் படிக்கேன் அம்சா. நீ வேணும், வேண்டாம்னு மட்டும் சொல்லு. எதையும் நானா அமுக்க மாட்டேன்.” படித்தார். எழுத்துக்கூட்டி, அடைப்புக்குறி, எண் எதையும் விடாமல் படித்தார். பாதி பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

“இது வேணுமா?”

“தெரியலைங்க.”

“இது?”

அவள் யோசித்தாள். போன மாதமாக இருந்தால் யோசித்திருக்க மாட்டாள்.

“விடுங்க,” என்றாள். “இருந்துட்டுப் போகட்டும்.”