போனைக் கீழே வை, அண்ணே

நான் வரைகிற முகங்களை எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் வீட்டில் மாட்ட மாட்டார்கள். கன்னத்தில் பச்சை இருக்கும், கண்ணுக்குக் கீழே ஊதா இருக்கும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வண்ணத்தை அள்ளி அப்புவேன். மூக்கும் முழியும் எனக்கு முக்கியமில்லை. ஆளுக்கு உள்ளே என்ன ஓடுகிறதோ அதுதான் வேண்டும். "இம்புட்டுப் படிச்சும் ஒரு மூஞ்சிய லட்சணமா வரையத் தெரியலயே" என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அப்படிப்பட்டவன் போன வருஷம் ஒரு மத்தியானம் ஆனையூரில் என் வீட்டு மாடியேறி வந்து, "என்னய வரைடி" என்றான்.

அண்ணனுக்குத் தல்லாகுளத்தில் டூவீலர் ஒர்க் ஷாப். அவனுக்கு இருதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் தட்டிக்கழித்தான். முதலில் அழகர்கோவிலில் கிடா வெட்டு முடியட்டும் என்றான். அப்புறம் கூட்டாளி மகனுக்குக் காதுகுத்து என்றான். டாக்டர் திட்டியதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இவனுக்குப் பயமே கிடையாது என்று நானும் நம்பினேன். கூமுட்டை நான்.

"என் படம் ஒண்ணுகூட உருப்படியா இல்லடி. நாளைக்கு மாலை போட ஒண்ணு வேணும்ல?"

"வாயைக் கழுவு" என்று கத்தினேன். கத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். உட்கார்ந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எங்கோ மேலே பார்த்துச் சிரித்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் ஊர்க் கல்யாண பிளெக்ஸ்களில் மாப்பிள்ளையின் நண்பர்கள் இப்படித்தான் நிற்பார்கள். படம் என்றால் இவனுக்கு அதுதான்.

"போனைக் கீழ வைண்ணே."

"கை சும்மா இருந்தா ஒரு மாதிரியா இருக்குடி."

இரண்டு நாள் இதே கூத்து. வரைந்ததையெல்லாம் சுரண்டி எறிந்தேன். மூன்றாம் நாள் போனையும் கண்ணாடியையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். திட்டுவான் என்று பார்த்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தோள் தொங்கிவிட்டது. கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அடப்பாவி, இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்ச? வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று விடாமல் வரைந்தேன். நெற்றி நீலமாக வந்தது. கண்கள் முகத்தில் பாதியை எடுத்துக்கொண்டன. விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

எழுந்து வந்து பார்த்தவனுக்கு மூச்சு வாங்கியது. "கிழிச்சுப் போடு. இத எவனாச்சும் பாத்தா ஒர்க் ஷாப்புல ஒருத்தன் என்னய மதிப்பானா?"

"கிழிக்க மாட்டேன், போ."

அந்த நேரம் பார்த்து, அவனைக் கூட்டிப்போக மதினி மாடியேறி வந்தாள். அண்ணன் படத்துக்குக் குறுக்கே போய் நின்றான். அவள் அவனை விலக்கிவிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏங்க, இம்புட்டுப் பயமா உங்களுக்கு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நெஞ்சப் பொளந்து போட்டிருக்கையில அப்படியே போயிட்டேன்னா, நீ என்ன பண்ணுவ?"

"சொல்ல வேண்டியதுதானே! நீங்க தைரியமா இருக்கீங்கன்னு நான் தினம் பாத்ரூம் குழாயத் தெறந்துவிட்டுல்ல அழுகுறேன்" என்று மதினி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். நானும்தான். மூன்று பேர் துணியிலும் பெயின்ட்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். பிழைத்து வந்து இன்றைக்கு வாய் ஓயாமல் பேசுகிறான். ஆனால் என் நெஞ்சில் நிற்பது ஆபரேஷன் அன்று காலைதான். ஒர்க் ஷாப் ஆட்கள் எல்லோரும் வராந்தாவில் வந்து நின்றிருந்தார்கள். "உங்களுக்கென்ன, நீங்க சிங்கம்ணே" என்றான் ஒருவன். அண்ணன் பதிலுக்கு ஏதாவது சவடால் விடுவான் என்று காத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவன் ஒரு கையால் மதினியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றான், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "ரெண்டு பேரும் எங்கயும் போயிராதீங்க."