அதிகாரி அடித்த ஒரு வரி

அலுவலகத்தில் அவளுக்கு 'சென்டிமீட்டர்' என்று பட்டப்பெயர். பதினெட்டு வருஷமாக "ஏறக்குறைய" என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்க எவனாலும் முடியவில்லை. மலைச்சரிவில் நட்டுவைத்த நாலு கருவிகள் செயற்கைக்கோள்களைப் பார்த்தபடி இருக்கும். அதை வைத்துச் சரிவு நகர்கிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. சரிவின் அடியில் பதினோரு வீடுகள்.

கணக்குக்கு அந்தச் செயற்கைக்கோள்கள் எங்கே இருந்தன என்று தெரியவேண்டும். உடனே கிடைக்கும் பட்டியலில் பாதி அளந்தது, மீதி "இப்படித்தான் போகும்" என்று கணித்தது. அளந்த பாதைக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். போன மாதம் கணித்த பாதையை வைத்துப் போட்டதில் சரிவு ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்ததாக வந்தது. அறிக்கையின் கீழே, "இது கணிப்பு, நாளை உறுதி செய்யப்படும்" என்று எழுதினாள். பெரிய அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டார். சந்தேகத்தோடு அறிக்கை போனால் அலுவலகத்துக்கு அசிங்கமாம்!

பதினோரு குடும்பமும் கொட்டுகிற மழையில் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தது. மறுநாள் அளந்த பாதை வந்தது. சரிவு இம்மிகூட நகரவில்லை. ஒரு செயற்கைக்கோளை முந்தின நாள்தான் இடம் மாற்றியிருக்கிறார்கள். கணிப்போ அது பழைய பாதையிலேயே போவதாக நினைத்திருக்கிறது. இதைச் சொல்ல அதிகாரிக்கு வாய் வரவில்லை. கணக்குப் போட்டவளின் தப்பு என்று கூசாமல் கைகாட்டினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். விட்டுத்தள்ளு என்று சொன்ன கணவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த வாரம் அளந்த பாதையை வைத்தே மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். நாலு கருவியும் கீழே இறங்குகின்றன. சந்தேகமே இல்லை. எச்சரிக்கை போயிற்று. ஒரு குடும்பம்கூட அசையவில்லை.

அவளே கிளம்பிப் போனாள். முதல் வீடு ஒரு தையல்காரருடையது. அவர் மிஷினை நிறுத்தாமலே, "போன தடவையும் இதைத்தானேம்மா சொன்னீங்க?" என்றார். அடித்த வரியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். மிஷின் நின்றது.

"அந்த வரி எங்ககிட்ட வந்திருந்தா, இன்னிக்கு உங்களை நம்பியிருப்போம். இப்ப யார் சொன்னாலும் காதுல ஏறாது."

இந்த மனுஷர்மேல் கோபப்பட்டு என்ன பண்ண? நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. நீங்க கிளம்புற வரைக்கும் நானும் இங்கேயே இருக்கேன்."

தையல்காரர் அவளையே பார்த்தார். அவர் மனைவி பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

அவர்கள் கதவைப் பூட்டியதும் அவள் அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். அதையும் சேர்த்து இன்னும் பத்து வீடு இருந்தது.