எடுத்த நேரம் 4.20

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். பதினாறு வருடம் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்தவனுக்கு யாருடைய சர்டிபிகேட்டும் தேவையில்லை.

வார்டுகளிலிருந்து வரும் ரத்த சாம்பிள்களில் பாதியைக் குப்பையில் போட்டு, நோட்டில் காரணம் எழுதிவிடுவேன். அவ்வளவு லட்சணம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதையாக, ஒழுங்காக ரத்தம் எடுக்கத் தெரியாததுகள் என் மெஷினைக் குறை சொல்லும். அதிலும் ஒருத்தி இருந்தாள். ஊசியைக் குத்திவிட்டு சிரிஞ்சை இழு இழு என்று இழுப்பாள். ரத்த அணுக்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துபோய் வரும்; அதில் பொட்டாசியம் அளவெல்லாம் தப்பாகக் காட்டும். அவளுக்கு 'பீட்ரூட்' என்று பெயர் வைத்தேன். லேப் முழுக்க அதுவே நிலைத்தது. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அன்று மதியம் 2.10. சாம்பிள் வாங்கும் ஜன்னலில் மணி 'டிங்' என்றது. தட்டில் ஒரு குழாய். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஒன்பதாம் கட்டில், பொட்டாசியம் பார்க்க வேண்டும். கொண்டுவந்த ஆளைக் காணோம். மெஷினில் சுழற்றினேன். சிவப்பு. குப்பை.

2.40. டிங். அதே கட்டில். கால் குழாய்கூட நிறையவில்லை. எடுத்த ரத்தம் வெதுவெதுப்பாக இருக்கும். இது ஐஸ் மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள், புத்திசாலிகள். இதுவும் குப்பை.

3.05. டிங்... எட்டிப் பார்த்தேன். நீளமான வராந்தா. யாரும் இல்லை.

இந்தக் குழாய் கோடு வரை நிறைந்திருந்தது. சுழற்றியதும் நீர் இளமஞ்சளாகத் தெளிந்து நின்றது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. லேபிளில் குறை தேடினேன். கிடைத்தது.

எடுத்த நேரம்: 4.20.

மணி பார்க்கக்கூடத் தெரியாத ஜென்மங்கள். நோட்டில் எழுதி, குப்பையில் போட்டுவிட்டு, போன் செய்தேன்.

"ஒன்பதாவது பெட்டுக்கு ஒழுங்கா ஒரு சாம்பிள் அனுப்ப மாட்டீங்களா?"

நர்ஸ் சொன்னாள்:

"சார், நாங்க இன்னும் எதுவுமே அனுப்பலையே. காலையிலேருந்து குத்திப் பாக்கறோம். நரம்பே கிடைக்கல."

சொதப்பிவிட்டுப் பொய் வேறு. போனை வைத்தேன்.

4.20.

டிங்.

தட்டு காலி...

போன் அடித்தது.

"சார், ஒன்பதாவது பெட்டுக்கு இனி டெஸ்ட் வேண்டாம். இப்பதான் முடிஞ்சுது."

"யாரு அது?"

"தெரியாதா? நம்ம வார்டுல ரத்தம் எடுப்பாங்களே... நேத்துலேருந்து நினைவில்லாம கிடந்தாங்க. நீங்கல்லாம் ஏதோ காய்கறி பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களே, அவங்கதான்."

குப்பையைக் கிளறினேன். மூன்றாவது குழாய் கிடைத்தது. மெஷினில் வைத்தேன்.

பொட்டாசியம் 8.4.

இதயத்தையே நிறுத்திவிடும் அளவு. தெரிந்திருந்தால் மருந்து கொடுத்து இறக்கியிருக்கலாம். அதற்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

லேபிளில் 'எடுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது. பழைய படிவங்களோடு ஒத்துப் பார்த்தேன். அவளுடையதுதான்.

இறப்புச் சான்றிதழிலும் 4.20 என்றுதான் எழுதியிருந்தார்கள்.

என் நோட்டில், அந்தக் குழாயை ஒதுக்கியதற்கு என் கையாலேயே எழுதிய காரணம் இன்னும் இருக்கிறது: நேரம் தவறு.