ஒட்டுக்குக் கீழே முளைத்தது

செம்மண், ஆற்று மணல், மட்கிய சாணி மூன்றையும் குவித்துத் தண்ணீர் தெளித்ததும் எழுகிற சூடான வாடையை வைத்தே, கலவை சரியா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று எனக்கு இரண்டு செடிப் பண்ணைகள் இருக்கின்றன, பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். இந்த மூக்கு எனக்கு வாய்த்தது பாளையங்கால்வாய்க் கரையில் இருந்த பழைய "நர்சரி"யில். எங்கம்மா அங்கே பையில் மண் நிரப்பி, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை பார்த்தாள். நானும் அவள் பின்னாலேயே திரிவேன்.

அந்தத் தோட்டத்துக்கு நம்பிக்கையோடு வந்த மனிதர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உவரியிலிருந்து மீன் கொண்டுவந்த வண்டியில் திரும்பும்போது கன்று ஏற்றுகிறவர்களும் சரி, பாளையங்கோட்டை வாத்தியார்மாரும் சரி, ஒட்டு மாங்கன்றை எடுத்தால் முதலில் நாட்டுக் கன்றின் மேல் நல்ல சாதிக் குச்சியைச் சேர்த்து ஒட்டுப் போட்ட முடிச்சை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். விதைக் கன்றை ஒட்டு என்று தலையில் கட்டிவிட்டால் காய்க்கும்வரை தெரியாதே. "பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு நோண்ட மாட்டீரு வே" என்பார் முதலாளி அண்ணாச்சி. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சாயங்காலம் வேலையாட்களின் தூக்குவாளியைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு சித்திரையில், பாளையங்கோட்டை டீச்சர் ஒருத்தர் பை நிறைய மாங்காயோடு வந்து அண்ணாச்சியின் மேசையில் கொட்டினார். பங்கனப்பள்ளி ஒட்டு என்று ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிப்போன கன்று முதல் காய்ப்பு காய்த்திருந்தது. எலுமிச்சை அளவுதான், வாயில் வைத்தால் நாரும் புளிப்பும்.

அன்றைக்கு அந்தக் கன்றை எடுத்துக் கொடுத்தவள் எங்கம்மா. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "ஏளா, டீச்சருக்குக் குடுக்க வேண்டிய கன்னு எங்க போச்சுன்னு ஊருக்கே தெரியும். உன் வீட்டுப் பின்னால காய்ச்சுத் தொங்குதுல்லா" என்றார்.

எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு பங்கனப்பள்ளி நின்றது வாஸ்தவம். ஒட்டுப் பிடிக்காது என்று குழியில் வீசிய கன்றைப் பொறுக்கி வந்து பிழைக்க வைத்ததாக அம்மா சொல்லியிருந்தாள். அதையே அவரிடமும் சொன்னாள். "நாளையில இருந்து நீ வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அப்பா இல்லாத வீடு; அந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

வீட்டுக்கு வந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் அவளிடம் சொல்லாமல், வழி விசாரித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். டீச்சர் வீட்டு மரத்தில் முடிச்சு இருக்காது, அது விதைக் கன்றுதான், அம்மா திருடிதான் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

முடிச்சு இருந்தது. அதற்கு மேலே விரல் தடிமனில், வெட்டுப்பட்டுக் காய்ந்த கட்டை. மரமாய் வளர்ந்து நின்றதோ முடிச்சுக்குக் கீழே பக்கவாட்டில் முளைத்த கிளை.

"மேல இருந்த குச்சியை யாரு டீச்சர் வெட்டுனா?"

"நாந்தான். நட்ட மறுவருஷம் அது நோஞ்சானா நின்னுச்சு. கீழ வந்தது நல்லா கொழுகொழுன்னு வந்துச்சு."

"நீங்க வெட்டுனதுதான் பங்கனப்பள்ளி. இது அடியில இருந்த நாட்டு மாங்கா."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து, தப்பு தன்னுடையது என்று அண்ணாச்சியிடமே சொன்னார். "சரி, நாளைக்கு வரச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. மறுநாள் சாயங்காலமும் அம்மாவின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்.

அந்த நர்சரி இன்றும் இருக்கிறது. தொட்டியில் வைத்த கள்ளிச் செடியும் கலர் கல்லும் விற்கிறார்கள். முடிச்சைச் சுரண்டிப் பார்க்கிற ஆள் இல்லை, தொங்கும் அட்டையைப் படித்துவிட்டு வாங்கிப் போகிறார்கள். டீச்சர் வீட்டு மரம் இருந்த இடத்தில் மாடி வீடு. எங்கள் மரம் ஒரு காற்றில் சாய்ந்தது.

அம்மா சாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம், "யாரு நம்பலைன்னாலும் எம் மவ என்னை நம்புனா. ஒத்தையில பாளையங்கோட்டைக்கு நடந்தா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனையோ பேரை வாயடைக்க வைத்த நான், அந்த ஒரு பேச்சை மட்டும் மறுத்ததில்லை. அம்மா போய் நாளாயிற்று. இப்போது என் பேரப்பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், அவள் சொன்ன மாதிரியே.