மூன்று சைக்கிள், ஒரே பதினெட்டு

மீற்றரில் 12.1 என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். 12.1 தான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடை வரை, மணிக்குச் சராசரி பன்னிரண்டு கிலோமீற்றர். அதே வழி, அதே ஞாயிறு காலை, அதே சைக்கிள். நான்கு வருடங்களுக்கு முன்னர் அந்தச் சைக்கிளில் முதல் தடவை அங்கே போனபோது 17.8. அதை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

நான் எதையும் எழுதி வைக்கிற ஆள். குழாயில் தண்ணீர் வராத நாள், எங்கள் மாடிக்கட்டிடத்தில் லிஃப்ட் நின்ற நாள், எந்தப் புத்தகத்தை எந்தக் கிழமை முடித்தேன், எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. பெற்றோல் வரிசைகள் காலி வீதி நீளத்துக்குக் கிடந்த வருடத்தில் எல்லோரையும்போல நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். தடித்த ரயர் போட்ட மவுண்டன் சைக்கிள். மலை ஏறுவதற்கென்று செய்ததை மரைன் டிரைவில் ஓட்டினேன். பெற்றோல் வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடியக் கிளம்பி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டி வரை போய், காலிமுகத்திடல், கோட்டை தாண்டி கொட்டாஞ்சேனையில் ஒரு பிளேன்டீ. போகும்போது மட்டும் வேகத்தை அளப்பேன். திரும்பி வரும்போது வெயிலும் வாகனமும் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒன்றரை வருடம் கழித்து, சக்கரம் கொஞ்சம் மெல்லிதான ஹைபிரிட் ஒன்று வாங்கினேன். போன வருடம் ரேஸ் சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு கொப்பி. நீலம், பச்சை, மண்ணிறம். ஒரு புதிய சைக்கிளைப் பழைய கொப்பியின் நடுவில் தொடங்குவது எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. இந்த ஒழுங்குதான் என்னை ஏமாற்றியது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என்னோடு வருகிறவர் ஒருவர்தான். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடையது கியர் இல்லாத பாரச் சைக்கிள், பின்னால் கரியர் வைத்தது. கிழமை நாட்களில் அதில் பெயின்ற் வாளி போகும், ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும். நான் மூன்று சைக்கிள் மாற்றிவிட்டேன், அவர் ஒரு மணியைக்கூட மாற்றவில்லை. என் சராசரி பதினெட்டைச் சுற்றியே நின்றதால் எனக்கு மிஸ்டர் பதினெட்டு என்று பெயர் வைத்திருந்தார். தேநீர்க்கடையில் இறங்கியதும், “என்ன, பதினெட்டு எளுதியாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. அவருக்கு மீற்றர் கிடையாது. கூடவே வருகிறவர் என்பதால் என் வேகத்தையே அவருக்கும் ஒரு நிரலில் எழுதிவந்தேன்.

அந்த ஞாயிறு ரேஸ் சைக்கிளின் பின்சக்கரத்தில் இரண்டு கம்பி உடைந்து, அது கொட்டாஞ்சேனையில் திருத்துகிறவரிடம் கிடந்தது. அதனால் கார் நிறுத்துமிடத்து மூலையில் தூசி பிடித்திருந்த மவுண்டன் சைக்கிளை எடுத்தேன். காற்றடித்தேன், சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன், மீற்றரை அதில் பூட்டி, சக்கர அளவையும் மாற்றினேன். ஒரு கிலோமீற்றர் குறையலாம் என்று நினைத்தேன்.

பம்பலப்பிட்டி தாண்டும்போதே சைக்கிள் யாரையோ ஏற்றிக்கொண்டு வருவதுபோல இருந்தது. கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் வழக்கம்போல இறங்கினேன். அங்கே சில பழைய வீடுகளின் முகப்பில் கட்டிய ஆண்டைச் சாந்தில் பொறித்திருப்பார்கள். ஆண்டு என்றால் எனக்கு நிற்காமல் போக முடியாது. நின்று அண்ணாந்து வாசிப்பேன், நானா காலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். அன்றைக்கு மூன்று இடத்தில் நின்றேன்.

தேநீர்க்கடைக்குப் பக்கத்தில்தான் திருத்துகிறவரின் கொட்டில், அங்கே நானாவுக்கும் ஒரு வேலை இருந்தது. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. அந்த மனிதர் பழைய கட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: இந்த வருடத்தில் இது மூன்றாவது சோடி, சமமட்டமான றோட்டில் ஓடுகிற உங்களுக்கு எப்படி இப்படித் தேய்கிறது? கண்டியிலிருந்து இறங்கி வருகிறீர்களா? நானாவும் சிங்களத்திலேயே, முன்னால் போகிற வாகனம் மெதுவாகப் போனால் என்ன செய்வது என்றார். இருவரும் சிரித்தார்கள். பஸ்ஸைச் சொல்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து மீற்றரைப் பார்த்தேன்.

நானா அன்றைக்குப் பதினெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மீற்றரைத்தான் சந்தேகித்தேன். மனைவியின் தையல் நாடாவை வாங்கிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கீழே போய்ச் சக்கரத்தைச் சுற்றி அளந்தோம். அவர் நாடாவின் நுனியைப் பிடித்தார், நான் வாசித்தேன். பிறகு அவர் வாசிக்க நான் பிடித்தேன். மீற்றரில் போட்ட அளவு சரி. ரயரில் காற்று சரி. பிரேக் எங்கும் உரசவில்லை. தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டால் சக்கரம் நிற்க மனமில்லாமல் சுற்றியது. மனைவி நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “சைக்கிளில ஒரு பிழையும் இல்லை” என்றார். குரலில் ஏதோ இருந்தது. அவர் பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர்.

மேலே வந்து மூன்று கொப்பியையும் கேட்டார். நான்கு வருடத்தில் அவற்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கொஞ்சம் பெருமையோடுதான் எடுத்துக் கொடுத்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விரித்தார். நீலக் கொப்பியின் முதற்பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர் எல்லோரும் சொல்லுகிற பொதுக் கணக்கை நானே அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்: உடம்பு ஒன்றாக இருந்தால், மட்டமான றோட்டில், தடித்த ரயரில் பதினாறு பதினெட்டு, அதே ஆள் ஹைபிரிட்டில் இருபது, ரேஸ் சைக்கிளில் இருபத்துமூன்று, இருபத்துநாலு.

மனைவி அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு பச்சைக் கொப்பியின் முதற்பக்கம். 18.1. மண்ணிறக் கொப்பியின் முதற்பக்கம். 18.0.

“இந்த மூண்டையும் நீங்கள் ஒருநாளும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கேல்லையோ?”

மூன்று முதற்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. நான் அதை என் உறுதி என்று நினைத்திருந்தேன். சைக்கிள் ஒவ்வொரு தடவையும் இரண்டு, மூன்று கிலோமீற்றரைக் கொண்டுவந்து தந்திருக்கிறது. அதே அளவை நான் எங்கேயோ இழந்துகொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு கொப்பியும் பதினெட்டில் தொடங்கிப் பதினைந்து, பதினாறில் முடிந்திருந்தது. வேகம் குறையக் குறைய, சைக்கிள் களைத்துவிட்டது என்று எழுதிவிட்டு அடுத்ததை வாங்கியிருக்கிறேன். சைக்கிள் களைத்துவிட்டது! என் கையெழுத்தில், கிழமையோடு.

குறிப்பு நிரலை மனைவி சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். எதிர்க்காற்று. புழுக்கம். முதல்நாள் இரவு சாப்பாடு கூடிப்போச்சு. எதிர்க்காற்று. இடது தோளில் பிடிப்பு, தலையணை மாற்ற வேண்டும். எதிர்க்காற்று. தோளுக்கு வந்தபோது நிறுத்தினார். “இது எத்தினை தரம்?” என்றார். நான் எண்ணினேன். மண்ணிறக் கொப்பியில் மட்டும் பதினொரு தரம்.

அப்போதுதான் பிரேக் கட்டை ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு விடியற்காலை மரைன் டிரைவில் எங்களுக்கு முன்னால் எந்த பஸ் போகிறது? அங்கே பஸ் ஓடி நான் கண்டதில்லை. அறுபதைத் தாண்டிய ஒருவர், கியர் இல்லாத பாரச் சைக்கிளில், ஒரு ரேஸ் சைக்கிளுக்குப் பின்னால் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வருடத்தில் மூன்று சோடி.

நானாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். கடையை அரை நாளுக்குத் திறந்திருந்தார். பின்னால் யாரோ ஆணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன வாகனம் நான்தானா என்று கேட்டேன். அவர் ஆணி கேட்டவரிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். றோட்டுச் சத்தம் கேட்டது.

“நீங்க ஆண்டு பாக்க நிக்கல்ல தம்பி,” என்றார். “மூச்சு வாங்க நிண்டீங்க. அந்தப் பச்சைக் கதவு வீட்டுட ஆண்ட நாலு ஞாயிறு வாசிச்சீங்க. இண்டைக்கு வாசிக்கவும் இல்ல. கண்ண மூடிக்கொண்டு செவரப் புடிச்சிக்கொண்டு நிண்டீங்க.”

“அப்ப ஏன் நானா எனக்குச் சொல்லேல்லை?”

“ரெண்டு தரம் செல்லினேன், டொக்டரக் காட்டுங்க எண்டு. நீங்க காத்து எண்டு எளுதினீங்க.”

நம்பாமல் கொப்பியைப் புரட்டினேன். இருந்தது. “எதிர்க்காற்று. நானாவும் ஒத்துக்கொண்டார்.” அவர் எதை ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இன்னும் ஒன்றும் சொன்னார். கூடச் சொன்னால் நான் ஞாயிற்றுக்கிழமை வருவதை விட்டுவிடுவேன், வீட்டில் இருந்துவிடுவேன் என்று பயந்தாராம். அதனால் பின்னாலேயே வந்தாராம், விழுந்தால் பிடிக்கலாம் என்று. நான் விழுகிற ஆளாக அவருடைய கண்ணில் ஒரு வருடமாக இருந்திருக்கிறேன். எனக்கு நான் மிஸ்டர் பதினெட்டு.

திங்கட்கிழமை ஆவணக் காப்பகத்து வேலைக்குப் போகவில்லை. மனைவியும் லீவு போட்டார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதய வைத்தியர் முதலில் கேட்டது, எப்போதிலிருந்து என்று. எல்லோரும் இந்தக் கேள்விக்குத்தான் தடுமாறுவார்களாம். நான் மூன்று கொப்பியையும் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். வெளியே ஆட்கள் காத்திருந்தும் அவசரப்படவில்லை. பச்சைக் கொப்பியின் நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். தோள் பிடிப்பு முதன்முதலாக வந்த ஞாயிறு.

“இங்கேயிருந்து. ஏறக்குறைய இரண்டு வருஷம்” என்றார். பிறகு, “இவ்வளவு ஒழுங்கா எழுதினனீங்கள். எழுதினதை ஒருக்கா வாசிச்சிருக்கலாம்” என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக உறைத்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் எழுதிய நாட்குறிப்புகளை, கடிதங்களை, பயணக் குறிப்புகளை எழுத்தெண்ணி வாசித்தவன் நான். ஆள் செத்து நூறு வருடம் ஆனவராக இருந்தால், அவருடைய குறிப்பில் நோய் தொடங்கிய இடத்தை நானே காட்டியிருப்பேன்.

அஞ்சியோகிராமில் மூன்று குழாயில் அடைப்பு, ஒன்று ஏறக்குறைய முழுதாக. அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனைவி கேட்டார். வைத்தியர் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தார். நெஞ்சைத் திறந்து செய்தார்கள்.

நான்கு மாதம் நடை மட்டும். பிறகு மட்டமான றோட்டில் சைக்கிள் ஓட்டலாம் என்றார்கள். மவுண்டன் சைக்கிளைத்தான் எடுத்தேன். நானா ஒழுங்கை முனையில் நின்றார். எத்தனை போகலாம் என்று கேட்டார். வேகத்தைப் பார்க்க வேண்டாம், கதைத்துக்கொண்டு போகக்கூடிய அளவு என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். நீங்கள் கதைக்கிறதென்றால் காலி வரைக்கும் போகலாம் என்றார்.

மரைன் டிரைவில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு விளிம்பில் ரப்பர் கட்டை மெல்ல உரசுகிற சத்தம். அது இத்தனை நாளும் கேட்டிருக்க வேண்டும். நான் அதைக் கடல் என்றோ காற்று என்றோ எடுத்திருப்பேன். சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். என் மீற்றரைக் கழற்றி நானாவின் சைக்கிளில் பூட்டினேன், அவருடைய சக்கரத்து அளவைப் போட்டேன். கொள்ளுப்பிட்டி முடிவு வரை பிரேக்கில் கை வைக்காமல் போய்விட்டு அங்கே நில்லுங்கள், நான் வருவேன் என்றேன். அவர் தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். “உளுந்துட மாட்டீங்களே?” என்றார்.

“மாட்டன் நானா. போங்கோ.”

போனார். நான் அவருடைய முதுகைப் பார்த்து எத்தனை வருடம்! அறுபத்துமூன்று வயது மனிதர், பெயின்ற் வாளிக் கரியரோடு, எழுந்து நின்று இரண்டு மிதி மிதித்தார். பம்பலப்பிட்டி ஸ்டேஷனை எட்டுவதற்குள் சிறிய வெள்ளைச் சட்டையாகிவிட்டார். என்னால் நம்ப முடியவில்லை. நான் மெதுவாக, எனக்கு நானே வாய்விட்டுக் கதைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏதும் வலிக்கிறதா என்று கவனித்தேன். வலிக்கவில்லை.

அவர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் குனிந்து மீற்றரைப் பார்த்தேன். 20.4. அவர் அதைக் கேட்கவில்லை. நான் என்ன நிறத்தில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து புதிய கொப்பி தொடங்கவில்லை. நீலக் கொப்பியின் மிச்சப் பக்கத்திலேயே அன்றைய திகதியைப் போட்டு எழுதினேன். பிறகு மூன்று கொப்பியிலும் நானாவின் நிரலைத் தேடி, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் திருத்தம் எழுதிக்கொண்டு போனேன். முடிக்க இரண்டு மாலை பிடித்தது. எல்லாப் பக்கத்திலும் ஒரே வாக்கியம்: இது அவருடைய வேகம் அல்ல, என்னுடையது.