ஓரத்தில் எழுதிய ‘பானாஸ்’

மலேசியாவில், மேரு என்ற ஊரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். லேசர் டையோடுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி ஓடும், எவ்வளவு மின்சாரத்தில் ஒளி வரும் என்று அங்கிருந்த ஒரே கணினியில் கணக்கிடுவது என் வேலை. நிஜ டையோடில் அந்த மின்சாரத்தை அளந்து எழுதித் தருவது சாந்தி அக்கா.

அவர் எண்கள் என் கணக்கைவிட அதிகமாகவே இருந்தன. சூடு என்பதை மலாயில் ‘பானாஸ்’ என்று ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதியிருந்தார். அறை வெக்கையைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார் என்று சிரித்தேன். “அக்கா கவனமா அளக்கறதில்ல பாஸ்” என்று சூப்பர்வைசரிடம் சொல்லியும்விட்டேன். மறுநாளே அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் அளந்தாலும் அதே எண்கள்தான். சந்தேகத்தில் டையோடைத் தொட்டேன், சுட்டது. சூடேறினால் எலக்ட்ரான்கள் ஒளி தராமலே நழுவிவிடும், மின்சாரம் அதிகம் வேண்டும். என் கணக்கில் டையோடு சூடாவதே இல்லை.

சூப்பர்வைசரிடம் ஒப்புக்கொண்டேன். “அங்க வேற ஆள் போட்டாச்சு லா” என்றார்.

அக்காவிடம் ஓடினேன். டேப் ஒட்டியபடியே, “எது பானாஸ்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, தம்பி?” என்றார்.

கேட்டிருக்கலாம். அவர் மேசை எனக்கு நாலடி தள்ளித்தான் இருந்தது.